பிரதிகளுக்கும் நாமே பொறுப்பு

(வலைப்பதிவர்களும் கணினி மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது அளவில் மிகச் சிறிய ஒரு மென்பொருள். வேர்ட்பிரஸில் எழுதுகிறவர் 'வெளியிடு' பொத்தானை அழுத்துகிறார். அந்த இடுகை அவருடைய தளத்தில் வெளியாகிறது. அதே நேரத்தில் லைவ்ஜர்னல், ட்ரீம்வித் போன்ற நாட்குறிப்புத் தளங்களில் அவர் வைத்திருக்கும் கணக்குகளிலும் அதே இடுகை போய் உட்கார்ந்துவிடுகிறது. இதைச் செய்யும் செருகுநிரல்தான் என் பொருள். லைவ்ஜர்னல் கிராஸ்போஸ்டர், ஜர்னல்பிரஸ் என்ற பெயர்களில் இவை புழங்கின.

இதில் பேச என்ன இருக்கிறது என்று முன்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்குத் தோன்றலாம். எழுதியதை இன்னோர் இடத்துக்கு அனுப்பும் நிரலை உங்களில் பலர் ஒரே மாலையில் எழுதி முடித்துவிடுவீர்கள். எனக்கு அது தெரியும். ஆனால் அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. மூலத்தில் ஒரு வரி திருத்தினால் பிரதியிலும் திருந்த வேண்டும். மூலத்தை நீக்கினால் பிரதியும் போக வேண்டும். நாலு பேர் மட்டும் படிக்க எழுதியது அங்கேயும் நாலு பேருக்கு மட்டுமே தெரிய வேண்டும். அங்கே ஒருவர் பின்னூட்டம் போட்டால் எழுதியவர் கண்ணில் அது பட வேண்டும். அந்தக் காலத்தில் தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் வைத்து நாலு பிரதி அடிப்பார்கள். ஒரு பிழை என்றால் நாலு தாளையும் தனித்தனியாக அழித்துத் திருத்த வேண்டும். அந்த வேலையை மனிதர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளத்தான் இந்தச் செருகுநிரல் பிறந்தது. ஆகவே எத்தனை தளங்களுக்கு அனுப்புகிறது என்று நான் பார்ப்பதில்லை. அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் கடைசிவரை பொறுப்பு ஏற்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

ஏன் இப்படி ஒன்று தேவைப்பட்டது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1999 ஏப்ரலில் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க இளைஞர், பள்ளித் தோழர்களுக்குத் தன் சேதிகளைச் சொல்வதற்காக லைவ்ஜர்னலைத் தொடங்கினார். அதில் இரண்டு விஷயங்கள் மற்ற வலைப்பதிவுகளில் அன்றைக்கு அரிதானவை. ஒன்று, நண்பர்கள் பக்கம். நீங்கள் நட்பில் சேர்த்த எல்லோருடைய புதிய இடுகைகளும் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும். வீடு வீடாகப் போய்த் தட்ட வேண்டியதில்லை. இன்னொன்று, இடுகைக்கு இடுகை போடக்கூடிய பூட்டு. எல்லோரும் படிக்கலாம், நண்பர்கள் மட்டும் படிக்கலாம், நண்பர்களிலும் ஒரு குழு மட்டும் படிக்கலாம், நான் மட்டும் படிக்கலாம் என்று ஒவ்வொன்றையும் எழுதும்போதே தீர்மானிக்கலாம். நோய், விவாகரத்து, வேலை போன துயரம் என்று மற்ற இடங்களில் யாரும் எழுதத் துணியாத செய்திகளை மக்கள் அங்கே எழுதியதற்கு இந்தப் பூட்டுதான் காரணம். வலைப்பதிவு வரலாற்றில் இதற்குரிய இடம் கொடுக்கப்படவில்லை என்பது என் கருத்து.

2003 மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வெளியானது. அடுத்த ஆண்டு மே மாதம் வந்த 1.2 பதிப்பில் செருகுநிரல்களுக்கான ஏற்பாடு வந்தது. சொந்தப் பெயரில் ஒரு தளம், அதில் தன் விருப்பம்போல் வடிவமைப்பு என்று பலர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். தளத்தை மாற்றிக்கொள்வது எளிது. வாசகரை மாற்றுவது எளிதில்லை. நண்பர்கள் எல்லோரும் லைவ்ஜர்னலிலேயே இருந்தார்கள். காலையில் எழுந்ததும் நண்பர்கள் பக்கத்தைத் திறந்து படித்துப் பழகியவர்கள், உங்கள் ஒருவருக்காகத் தனியாக ஒரு முகவரியைத் தட்டி வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எழுத்து என் வீட்டில் இருக்க வேண்டும், வாசகர் இருக்கும் இடத்துக்கும் அது போக வேண்டும் என்ற இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவில்தான் செருகுநிரல் வந்து நின்றது.

ஆர்எஸ்எஸ் ஓடை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். லைவ்ஜர்னலிலேயே வெளி ஓடைகளை இழுத்துக் காட்டும் கணக்குகள் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு எழுதியவருடையது அன்று. அங்கே விழும் பின்னூட்டங்கள் எழுதியவருக்குத் தெரியாது. சில வாரங்களில் பழைய இடுகைகள் அங்கிருந்து மறைந்துவிடும், அவற்றோடு பின்னூட்டங்களும் மறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடையில் பூட்டு இல்லை.

நம்முடைய தமிழ் வலைப்பதிவுலகம் இந்த இடத்தில் வேறு வழியில் போனது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, பதிவர்களின் ஓடைகளைப் படித்துப் புதிய இடுகைகளின் தலைப்புகளை ஒரே முகப்பில் வரிசைப்படுத்தியது. எழுத்து பிளாகரிலோ வேர்ட்பிரஸிலோ அவரவர் வீட்டிலேயே இருந்தது. வாசகர்தான் திரட்டி வழியாக வீடு தேடி வந்தார். அதனால் தமிழ்ப் பதிவர்களுக்குப் பிரதி எடுத்து அனுப்பும் தேவை அன்றைக்குப் பெரிதாக எழவில்லை. வாசகர்கள் ஃபேஸ்புக்குக்குப் போன பிறகுதான் நமக்கு அந்தத் தேவை வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது இயந்திரத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். கணினி தெரியாதவர்களும் பின்தொடரலாம். கடினமாக ஒன்றும் இல்லை.

1998-இல் டேவ் வைனரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களும் சேர்ந்து எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற முறையை உருவாக்கினார்கள். ஒரு வழங்கி இன்னொரு வழங்கியைக் கூப்பிட்டு, 'இந்த வேலையைச் செய், இதோ விவரம்' என்று சொல்வதற்கான எளிய மொழி அது. லைவ்ஜர்னல் அந்த மொழியில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. அதன் நிரல் திறந்த மூலமாக இருந்ததால் அதை எடுத்து நடத்திய இன்சேன்ஜர்னல், டெட்ஜர்னல் போன்ற தளங்களிலும், பின்னால் ட்ரீம்வித்திலும் அதே வாசல் இருந்தது. ஆகவே ஒரு தளத்துக்கு எழுதிய செருகுநிரல், முகவரியை மட்டும் மாற்றினால் மற்றவற்றுக்கும் வேலை செய்தது.

வாசலில் முதலில் கேட்கப்படுவது அடையாளம். செருகுநிரல் வழங்கியிடம் ஒரு சவால்தொடரைக் கேட்டு வாங்கும். கடவுச்சொல்லின் எம்டி5 சுருக்கத்தை அந்தத் தொடரோடு ஒட்டி, மறுபடி எம்டி5 சுருக்கம் எடுத்து அனுப்பும். கடவுச்சொல் கம்பி வழியே போவதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதைச் செய்ய, கடவுச்சொல்லின் முதல் சுருக்கம் உங்கள் வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் இருந்தாக வேண்டும். 'கடவுச்சொல்லை நாங்கள் சேமிப்பதில்லை, சுருக்கத்தைத்தான் சேமிக்கிறோம்' என்று சொன்னால் கேட்க ஆறுதலாக இருக்கும். அந்த வாசலோ சுருக்கத்தையே ஏற்றுக்கொள்ளும். அதை வைத்திருப்பவர் உங்கள் பெயரில் எழுதலாம், அழிக்கலாம். அதனால் அந்தச் சுருக்கத்தைக் கடவுச்சொல்லாகவே கருதிக் காக்க வேண்டும். செருகுநிரல் எழுதுகிறவர் இதைப் பயனருக்கு வெளிப்படையாகச் சொல்லியும் ஆக வேண்டும்.

அடையாளம் சரி என்றால் இடுகை ஏற்கப்படும். பதிலாக ஓர் எண் வரும். அந்த எண்தான் எல்லாவற்றுக்கும் உயிர். அதை இடுகையின் உள்விவரங்களோடு சேர்த்து எழுதி வைத்தால்தான் பின்னால் திருத்தவும் நீக்கவும் முடியும். நீக்குவதற்கென்று அந்த வாசலில் தனிக் கட்டளை கிடையாது. திருத்தும் கட்டளையிலேயே உள்ளடக்கத்தை வெறுமையாக விட்டு அனுப்பினால் அங்கே இடுகை நீங்கிவிடும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அங்கே இடுகை ஏறிவிட்டது. ஆனால் எண் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்துவிட்டது. செருகுநிரலின் கணக்கில் அனுப்பியது தோல்வி. மறுபடி அனுப்பும். அங்கே இப்போது இரண்டு பிரதி. நண்பர்கள் பக்கத்தில் ஒரே கட்டுரை அடுத்தடுத்து நிற்கும். அதைவிட மோசம், முதல் பிரதியின் எண் நம்மிடம் இல்லை. நாம் திருத்தினாலும் நீக்கினாலும் அது அசையாது. நல்ல செருகுநிரல், மறுபடி அனுப்புவதற்கு முன் அங்கே கடைசியாக ஏறிய இடுகைகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும். லைவ்ஜர்னல் வாசலில் அதற்கும் கட்டளை உண்டு. இந்தச் சில வரிகளை எழுதுவதற்குப் பொறுமை வேண்டும்.

பழைய இடுகைகளை மொத்தமாக அனுப்பும்போதும் இதே பொறுமை தேவை. லைவ்ஜர்னலில் ஏற்கெனவே உள்ள இடுகையைவிட முந்தைய தேதியோடு ஒன்றை அனுப்பினால் வழங்கி மறுத்துவிடும். அதற்கு 'காலவரிசைக்கு வெளியே' என்ற அடையாளத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த அடையாளத்தில் ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது: அப்படி அனுப்பியவை நண்பர்கள் பக்கத்தில் தோன்றாது. ஐந்து வருடத்து எழுத்தை ஒரே ராத்திரியில் கொண்டுபோய்க் கொட்டினாலும் யார் தலையிலும் விழாது.

நான் அதிக நேரம் நிற்க விரும்புவது பூட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில்தான்.

லைவ்ஜர்னலுக்கு இடுகை அனுப்பும் கட்டளையில் 'பாதுகாப்பு' என்று ஒரு விவரம் உண்டு. பொது, தனி, குழு என்று மூன்றில் ஒன்றைத் தரலாம். குழு என்றால் கூடவே ஓர் எண்ணும் தர வேண்டும். அந்த எண்ணின் இருமத் துணுக்குகளில் முதலாவது எல்லா நண்பர்களையும் குறிக்கும். அதற்கடுத்த முப்பதும் நீங்கள் உருவாக்கிக்கொண்ட முப்பது குழுக்களைக் குறிக்கும். எண் 1 என்று அனுப்பினால் எல்லா நண்பர்களும் படிக்கலாம். நேர்த்தியான அமைப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பு விவரத்தை அனுப்பவே இல்லையென்றால் என்ன ஆகும்? வழங்கி மறுக்காது. இடுகையைப் 'பொது' என்று எடுத்துக்கொண்டு உலகத்துக்கே திறந்துவிடும்.

வேர்ட்பிரஸ் பக்கத்தில் இதற்கு இணையான ஒரு குழி இருக்கிறது. வேர்ட்பிரஸில் ஒரு இடுகைக்குக் கடவுச்சொல் போட்டு வைக்கலாம். படிக்க வருகிறவர் அதைத் தட்டினால்தான் உள்ளே போக முடியும். எழுதியவர் பார்வையில் அது மூடிய இடுகை. தரவுத்தளத்தில் அதன் நிலை என்ன தெரியுமா? 'வெளியிடப்பட்டது' என்பதுதான். கடவுச்சொல் வேறொரு கட்டத்தில் தனியாக இருக்கும். ஆகவே 'ஒரு இடுகை வெளியிடப்பட்டதும் என்னைக் கூப்பிடு' என்று கொக்கி (hook) போட்டுக் காத்திருக்கும் செருகுநிரலை வேர்ட்பிரஸ் இந்த இடுகைக்கும் கூப்பிடும். கடவுச்சொல் கட்டத்தைப் பார்க்காத செருகுநிரல் அதை அப்படியே எடுத்து, பாதுகாப்பு விவரம் இல்லாமல், மறுபக்கத்துக்கு அனுப்பும். மறுபக்கம் அதைப் பொதுவில் வைக்கும். தன் தாயின் நோயைப் பற்றி நாலு பேருக்காக எழுதியது நாற்பதாயிரம் பேர் கண்ணுக்குத் திறந்துகிடக்கும். இதில் எந்த நிரலும் தன் விதியை மீறவில்லை. இரண்டு பக்கமும் தங்கள் விதிப்படி சரியாகத்தான் நடந்தன. இரண்டுக்கும் நடுவில் நின்ற செருகுநிரல்தான் இரண்டு விதிகளையும் அறிந்திருக்க வேண்டியது.

ஆகவே இப்படிச் செருகுநிரல் எழுதுகிற யாருக்கும் நான் சொல்வது: ஐயம் என்றால் பூட்டுங்கள். பாதுகாப்பு விவரத்தை எப்போதும் வெளிப்படையாக அனுப்புங்கள். மூலத்தில் ஏதேனும் ஒரு தடை இருந்தால், அதற்கு ஈடான தடை மறுபக்கத்தில் இல்லையென்றால், அனுப்பாமல் நிறுத்திவிட்டு எழுதியவரைக் கேளுங்கள். பொதுவில் இருந்த இடுகையை ஒருவர் ஆறு மாதம் கழித்துத் தனி என்று மாற்றினால், அந்த மாற்றமும் ஒரு நிகழ்வுதான். அதற்கும் வேர்ட்பிரஸில் கொக்கி உண்டு. அந்த நிமிடமே பிரதியையும் பூட்ட வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது. லைவ்ஜர்னலில் வேலை பார்த்த டெனிஸ் பாலுச்சி, மார்க் ஸ்மித் இருவரும் அதன் நிரலைப் பிரித்தெடுத்து 2009 ஏப்ரல் 30 அன்று ட்ரீம்வித்தைப் பொதுச் சோதனைக்குத் திறந்தார்கள். அவர்கள் செய்த முதல் மாற்றங்களில் ஒன்று 'நண்பர்' என்ற ஒற்றை உறவை இரண்டாகப் பிளந்தது. யாருடைய எழுத்தை நான் படிக்கிறேன் என்பது ஒரு பட்டியல். என் பூட்டிய எழுத்தை யார் படிக்கலாம் என்பது வேறொரு பட்டியல். மனித உறவைச் சரியாகப் புரிந்துகொண்ட மாற்றம் என்று நான் இதை மனதாரப் பாராட்டுவேன். ஆனால் செருகுநிரலுக்கு இதனால் வேலை கூடியது. இரண்டு தளத்துக்கும் ஒரே எண் 1-ஐ அனுப்பலாம், ஏற்றுக்கொள்ளும். லைவ்ஜர்னலில் அதைத் திறக்கக் கூடியவர்கள் ஒரு கூட்டம், ட்ரீம்வித்தில் இன்னொரு கூட்டம். குழுக்களின் எண்களும் அப்படியே: அங்கே மூன்றாவது குழு குடும்பம் என்றால் இங்கே மூன்றாவது குழு அலுவலகமாக இருக்கலாம். தளத்துக்குத் தளம் குழுப் பெயர்களை இழுத்துவந்து, எதற்கு எது ஈடு என்று எழுதியவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் ஒழுங்கான முறை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பாதையில் தனியாகச் சில மேடு பள்ளங்கள் உண்டு. லைவ்ஜர்னல் வாசலில் 'பதிப்பு 1' என்று அறிவித்தால்தான் வழங்கி ஒருங்குறியை ஏற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த செருகுநிரல் இதை விட்டுவிட்டால் அமெரிக்கருக்குத் தெரியவே தெரியாது. நமக்கு முதல் இடுகையிலேயே தெரிந்துவிடும். அடுத்தது வெட்டுதல். யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல் நம் கணக்கில் மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறி, பதினைந்து பைட். தலைப்பு நீளமாக இருக்கிறது என்று பைட் கணக்கில் வெட்டினால் ஒரு குறியின் நடுவில் கத்தி விழும். வழங்கி இடுகை முழுவதையும் மறுக்கும். குறிக் கணக்கில் வெட்டினால் மறுக்காது, ஆனால் புள்ளி போய் 'க்' என்பது 'க' ஆகிவிடும், கொம்பும் காலும் உதிரும். முழு எழுத்தாக வெட்டத் தெரிந்த செயற்கூறுகள் பிஎச்பி மொழியின் இன்டல் (intl) நீட்சியில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் போதும்.

இணைப்பு முகவரியும் அப்படித்தான். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை முகவரியாக்கும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது ஆங்கில எழுத்துக்குறிகளாக விரியும். அந்தக் கட்டத்தின் நீளம் 200. இருபத்திரண்டு குறிக்குமேல் இடமில்லை. தலைப்பு பாதியில் அறுந்து நிற்பதை இங்குள்ள பதிவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிரதியின் அடியில் மூலத்துக்கு இணைப்பு கொடுக்கும் செருகுநிரல், இந்த நீண்ட முகவரியை மறுபடி குறியேற்றம் செய்து கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேர்ட்பிரஸின் 'மேலும் படிக்க' வெட்டு லைவ்ஜர்னலின் வெட்டாக மாற வேண்டும். சதுர அடைப்புக்குள் எழுதும் குறுங்குறிகள் விரிந்து போக வேண்டும். பத்திப் பிரிப்பை இரண்டு பக்கமும் செய்தால் வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி விழும். 'ஏற்கெனவே வடிவமைத்தது' என்று அறிவித்துவிட்டால் அது தீரும். படங்கள் உங்கள் வழங்கியிலேயே இருக்கும், அங்கிருந்து இழுத்துத்தான் காட்டப்படும். உங்கள் தளம் ஒருநாள் படுத்தால் அங்கே பிரதி இருக்கும், படம் இருக்காது.

பின்னூட்டம் பற்றிப் பேச வேண்டும். ஒரே கட்டுரை மூன்று இடத்தில் இருந்தால் உரையாடல் மூன்றாக உடையும். ஒருவர் இங்கே கேட்ட கேள்விக்கு அங்கே யாரோ பதில் சொல்லியிருப்பார்; இருவரும் ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். ட்ரீம்வித் தன்னுள்ளேயே கட்டிய பிரதியிடும் வசதியில் இதற்கு ஒரு வழி செய்தது. லைவ்ஜர்னலுக்குப் போகும் பிரதியில் பின்னூட்டத்தை மூடிவிடலாம். அடியில், இது முதலில் இன்ன இடத்தில் வெளியானது, அங்கே வந்து ஓபன்ஐடி கொண்டு பேசுங்கள் என்று ஒரு குறிப்பு தானாகச் சேரும். அங்கே எத்தனை பின்னூட்டம் வந்திருக்கிறது என்பதையும் ஒரு சின்னப் படமாக அந்தக் குறிப்பில் வைக்கலாம். எண்ணைப் படமாக வைத்ததற்குக் காரணம் உண்டு: பிரதி போன பிறகு அதன் எழுத்து மாறாது, ஆனால் படம் ஒவ்வொரு முறையும் மூல வழங்கியிலிருந்து புதிதாக வரும். ஆகவே எண்ணிக்கை எப்போதும் இன்றைய எண்ணிக்கையாகவே இருக்கும். எளிமையான, அழகான தீர்வு. ஓபன்ஐடி முறையையே 2005-இல் உருவாக்கியவர் லைவ்ஜர்னலின் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக்தான். ஒரு தளத்துக்காரர் இன்னொரு தளத்தில் புதுக் கணக்கு தொடங்காமலே தன் பெயரில் பேச வேண்டும் என்ற எண்ணம் அவரிடமே இருந்தது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பின்னூட்டத்தை மூடுவது எழுதியவருக்கு வசதி. வாசகருக்கு அது கதவடைப்பு. உங்களைப் படிக்கத் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் 'படி, ஆனால் பேச வேண்டுமானால் என் வீட்டுக்கு வா' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பிரதி அனுப்புகிறவர் அங்கேயும் போய் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நேரமில்லையென்றால் அனுப்பும் தளங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

எழுத்தைச் சொந்த வீட்டில் வைக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பதற்கு லைவ்ஜர்னலின் கதையே போதும். 2005 ஜனவரியில் அதை சிக்ஸ் அப்பார்ட் என்ற நிறுவனம் வாங்கியது. 2007 மே மாதக் கடைசியில் ஏறத்தாழ ஐந்நூறு கணக்குகள் ஒரே வீச்சில் முடக்கப்பட்டன. இலக்கிய விவாதக் குழுக்களும் ரசிகர் புனைவுக் குழுக்களும் அதில் சிக்கின. எதிர்ப்புக்குப் பிறகு நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், பல கணக்குகள் திரும்பின. அதே ஆண்டு டிசம்பரில் தளம் ரஷ்ய நிறுவனமான சுப்பின் கைக்குப் போனது. ரஷ்யாவில் அது வெறும் நாட்குறிப்பாக இல்லை, அரசியல் பேசும் களமாகவே இருந்தது. அன்றைய அதிபர் மெத்வதேவ்கூட அதில் எழுதினார். 2011 வசந்தத்தில் பெரும் தாக்குதல்கள் தளத்தை முடக்கியபோது அவர் எழுத்தும் சேர்ந்துதான் முடங்கியது. 2016 டிசம்பரில் வழங்கிகள் ரஷ்யாவுக்கு நகர்ந்தன. 2017 ஏப்ரலில் புதிய பயனர் ஒப்பந்தம் வந்தது. ரஷ்யச் சட்டமே ஆளும், ரஷ்ய மொழி வாசகமே செல்லும் என்றது. எங்கோ ஆஸ்திரேலியாவில் ஒருவர் பத்தாண்டாகப் பூட்டி எழுதிய நாட்குறிப்பு, அவர் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்துக்குக் கீழே வந்தது. அந்த வாரங்களில் ஏராளமானோர் ட்ரீம்வித்துக்குப் பெயர்ந்தார்கள். நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் நெடுங்காலமாக லைவ்ஜர்னலில் நடத்திய பதிவை 2018-இல் தன் சொந்தத் தளத்துக்கு மாற்றினார்.

செருகுநிரல் வைத்திருந்தவர்களுக்கு அந்த நாட்கள் அவ்வளவு கடினமாக இருந்திருக்காது. அவர்களுடைய மூலம் வேறு இடத்தில் இருந்தது. லைவ்ஜர்னலில் இருந்தது பிரதி. எண்களும் கையில் இருந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். 'சொந்தத் தளத்தில் வெளியிடு, பிற இடங்களுக்கு அனுப்பு' என்ற இந்த முறையை இண்டிவெப் இயக்கத்தினர் பின்னால் பாஸி (POSSE) என்று சுருக்கிப் பெயரிட்டு ஒரு கொள்கையாகவே ஆக்கினார்கள்.

நம் பக்கம் வருகிறேன். தமிழ் வாசகர்கள் பெருமளவு ஃபேஸ்புக்குக்குப் போனபோது, வேர்ட்பிரஸில் எழுதி அங்கே தானாகப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பலர். 2018 ஆகஸ்ட் 1 முதல் தனிநபர் கணக்கில் வெளிச் செயலிகள் தானாக இடும் வசதியை ஃபேஸ்புக் மூடிவிட்டது. பக்கங்களுக்கும் குழுக்களுக்கும் மட்டும் வழி விட்டது. 2023-இல் ட்விட்டரும் தன் இலவச வாசலைச் சுருக்க, வேர்ட்பிரஸின் ஜெட்பேக் செருகுநிரலிலிருந்து ட்விட்டருக்குத் தானாகப் போவதும் நின்றது. லைவ்ஜர்னல் காலத்தில் வாசல் தளத்தின் பெருமையாக இருந்தது. எல்லோரும் வந்து போகலாம் என்று ஆவணம் எழுதி வெளியிட்டார்கள். இன்றைய பெரிய தளங்கள் வாசலைச் செலவாகவோ ஆபத்தாகவோ பார்க்கின்றன. விளைவு என்னவென்றால், நம் எழுத்தாளர்கள் பலர் நேரடியாக ஃபேஸ்புக்கிலேயே எழுதுகிறார்கள். மூலமே அங்கே இருக்கிறது. பத்து வருடத்துக் கட்டுரை ஒன்றைத் தேடி எடுக்க அவர்களே தவிப்பதைப் பார்க்கிறேன். எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம் இது.

மாற்று ஒன்று உருவாகிவருகிறது. ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையை 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி பரிந்துரையாக ஏற்றது. மாஸ்டடான் முதலிய தளங்கள் அதில் இயங்குகின்றன. வேர்ட்பிரஸுக்கான அதன் செருகுநிரலை 2023-இல் ஆட்டோமாட்டிக் நிறுவனம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதை நிறுவினால் உங்கள் தளமே பின்தொடரக்கூடிய ஒரு கணக்காகிவிடும். அங்கே தனியாகக் கணக்கு வேண்டாம், கடவுச்சொல் சேமிக்க வேண்டாம். நீங்கள் திருத்தினால் 'திருத்தம்' என்ற செய்தி போகும். நீக்கினால் 'நீக்கம்' என்ற செய்தி போகும். அங்கே எழுதிய பதில் உங்கள் இடுகையின் கீழ்ப் பின்னூட்டமாகவே வந்து சேரும். அன்றைய செருகுநிரல்கள் தனித்தனியாகப் பாடுபட்டுச் செய்ததை நெறிமுறையே எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அங்கும் 'நீக்கம்' என்பது வேண்டுகோள்தான். பெறுகிற வழங்கி அதை மதிக்கும் என்று நம்பலாம், மதிக்கவைக்க முடியாது. பூட்டிய எழுத்துக்கு இந்த வழி இன்றைக்கு உகந்ததில்லை.

முடிக்கும் முன், வேலைக்கு உதவும் ஒன்று. எந்தச் செருகுநிரலை நிறுவினாலும், முதலில் அந்த நாட்குறிப்புத் தளத்தில் நண்பர் யாரும் இல்லாத ஒரு புதுக் கணக்கைத் தொடங்குங்கள். வேர்ட்பிரஸில் கடவுச்சொல் போட்ட சோதனை இடுகை ஒன்று, தனி இடுகை ஒன்று, நீளமான தமிழ்த் தலைப்போடு பொது இடுகை ஒன்று என்று மூன்று எழுதி வெளியிடுங்கள். பிறகு பொது இடுகையில் ஒரு சொல்லைத் திருத்துங்கள். அதைத் தனி என்று மாற்றுங்கள். கடைசியில் குப்பைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு, எந்தக் கணக்கிலும் நுழையாத வேறோர் உலாவியைத் திறந்து அந்தப் புதுக் கணக்கின் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். கணக்கில் நுழைந்த நிலையில் பார்க்காதீர்கள்; பூட்டியதும் உங்களுக்குத் திறந்தே தெரியும்.